வேலையை விடாமலே வேறிடம் போய்ச் சேர்ந்தவர்கள்

கேள்வி இது: “வயது 34. வேதியியல் பட்டம். குரூப் தேர்வு எழுதி வருவாய்த் துறையில் உதவியாளராக இருக்கிறேன். தாலுகா அலுவலகத்தில் கோப்புப் பார்ப்பது பிழைப்பு. மனசு முழுக்கப் பழைய நில அளவைகள், ஊர்ப் பெயர்கள், கோயில் சுவர்களில் வெட்டியிருக்கும் அளவுகோல்கள் மேல்தான். படித்தது ஒன்று, பார்ப்பது ஒன்று, விரும்புவது ஒன்று என்று இருந்தவர்கள் எதிர்பாராத வழியில் போய் உண்மையிலேயே ஜெயித்திருக்கிறார்களா, இல்லை அதெல்லாம் மேடைக் கதைகளா? வேலையை விட்டுவிடலாமா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடாதீர்கள், இப்போதைக்காவது. கல்யாணத்துக்குச் சொல்கிற ‘ஆயிரங்காலத்துப் பயிர்’ வசனத்தை அரசாங்க வேலைக்கும் சேர்த்துச் சொல்லும் மாமனார் வாதம் அல்ல இது. எதிர்பாராத துறையில் போய் உயரம் தொட்டவர்களின் வாழ்க்கையை ஆண்டு வாரியாக வைத்துப் பார்த்தால், ‘எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கிளம்பினார்’ என்கிற காட்சி பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. அது பின்னால் வந்து பேசுகிறவர்கள் சேர்ப்பது.

உங்கள் விருப்பம் கல்வெட்டுப் பக்கம் சாய்வதால், அந்தப் பக்கத்து மனிதர் ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். ஐராவதம் மகாதேவன். பெயர் தெரிந்திருக்கும். அவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது அந்த அளவுக்குத் தெரிந்த விஷயம் இல்லை.

1930-இல் பிறந்தவர், திருச்சிப் பக்கம். படித்தது உங்களைப் போலவே வேதியியல். அதற்கு மேல் சட்டம். 1954-இல் ஐ.ஏ.எஸ். வரலாற்றிலோ தொல்லியலிலோ கல்வெட்டியலிலோ ஒரு பட்டமும் கிடையாது. 50-களின் கடைசியில் டெல்லியில் மத்திய அரசின் நிதி ஆலோசனைப் பிரிவில் இருந்தபோது, தேசிய அருங்காட்சியகத்தில் இருந்த சி. சிவராமமூர்த்தியின் பழக்கம் கிடைத்தது. சிவராமமூர்த்தி சிற்பங்களுக்குப் பேர்போனவர் என்றாலும், தென்னிந்திய எழுத்து வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதியவரும்கூட. எழுத்துகளை வாசிக்கும் ருசி அங்கேதான் ஒட்டிக்கொண்டது. பிறகு சென்னைக்கு மாற்றல். தொழில் துறை, அதன் பின் கைத்தறித் துறை இயக்குநர். அந்தக் காலத்தில்தான் வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்கிறார்: பாண்டிய நாட்டிலும் வேறு இடங்களிலும் மலைக்குகைகளில் பிராமி என்ற பழைய எழுத்தில் சில கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுத்து தெரிகிறது, பொருள் சரியாகப் பிடிபடவில்லை. நீங்கள் எடுத்துப் பார்க்கலாமே.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது. சாஸ்திரியார் ‘உனக்குள் ஒரு நெருப்பு இருக்கிறது’ என்று சொல்லவில்லை, ‘வரலாற்றில் ஆர்வம் காட்டு’ என்றும் சொல்லவில்லை. அளவும் எல்லையும் உள்ள, விடை தெரியாத ஒரு கணக்கைக் கையில் கொடுத்தார். ஆர்வம் என்பது நம் ஊரில் யாரிடம்தான் இல்லை? தேநீர்க் கடையில் ராஜராஜனைப் பற்றி அரை மணி நேரம் பேசாத ஆள் உண்டா? கணக்கு கையில் இருப்பவர்கள்தான் குறைவு.

அந்தக் கணக்கு என்ன என்று சொல்லாவிட்டால் அவர் செய்ததன் எடை தெரியாது.

மதுரைக்கு அருகே மாங்குளத்தில் இருக்கும் குகைக் கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சிவெல் பதிவு செய்தார். அதன் பிறகு பாண்டிய நாட்டின் பல குன்றுகளில் இதே போலக் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள். சமணத் துறவிகள் தங்கிய இயற்கைக் குகைகள், வழவழப்பாக்கிய கல் படுக்கைகள், மழைநீர் உள்ளே வடியாமல் இருக்க மேலே வெட்டிய காடி, அதையொட்டி ஒரு வரி எழுத்து. அசோகர் காலத்துப் பிராமியைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுத்துகள் பழக்கமானவைதான். ஆனால் படித்துக் கோத்தால் எந்த மொழி என்றே புரியவில்லை. பிராகிருதமாக்கிப் படித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1924-இல் சென்னையில் நடந்த அகில இந்திய கீழ்த்திசை மாநாட்டில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் பெரிய கதவு ஒன்றைத் திறந்தார்: இது தமிழ். ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகளுக்குத் தனி வடிவங்கள் இருக்கின்றன, வடமொழிக்குரிய வர்க்க எழுத்துகள் (க வரிசையில் kha, ga, gha போன்றவை) கிட்டத்தட்ட இல்லை, ஆகவே தமிழ்தான் என்றார். அது சரியான முடிவு. ஆனாலும் அவர் படித்த வாசகங்கள் பல இடங்களில் முட்டிக்கொண்டு நின்றன. நெடில் வரக்கூடாத இடத்தில் நெடில், மெய் இருக்க வேண்டிய இடத்தில் உயிர்மெய்.

காரணம், வடக்கிலிருந்து வந்த எழுத்தில் ‘க’ என்று எழுதினால் அது அகரம் ஏறிய ‘க’. அங்கே மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். தமிழுக்கு அது ஒத்துவராது. சொல்லின் கடைசியில் மெய் நிற்கும்: மகன், கல், ஊர். அதை எப்படிக் காட்டுவது? பழைய தமிழ்நாட்டு எழுத்தர்கள் இதற்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஏற்பாடு செய்து பார்த்திருக்கிறார்கள். மிகப் பழைய முறையில், குறி எதுவும் இல்லாத எழுத்து மெய். பக்கவாட்டில் ஒரு கோடு போட்டால் அது அகரமாகவும் இருக்கலாம், ஆகாரமாகவும் இருக்கலாம். ஆகவே கண்ணுக்கு ‘மாகான’ என்று தெரிவதை ‘மகன்’ என்று வாசிக்க வேண்டும். அடுத்த கட்டத்தில் கோடு ஆகாரத்துக்கு மட்டும், வெறும் எழுத்து மெய்யாகவோ அகரம் ஏறியதாகவோ இருக்கலாம், இடம் பார்த்துப் படிக்க வேண்டும். கடைசியில்தான் புள்ளி வருகிறது, தொல்காப்பியம் சொல்கிற அதே புள்ளி. இந்த வெவ்வேறு முறைகளைப் பிரித்து, எந்தக் கல்வெட்டு எந்த முறையில் எழுதப்பட்டது என்று வரிசைப்படுத்தியதுதான் மகாதேவன் செய்த வேலையின் மையம். முறை பிடிபட்டதும் முட்டிக்கொண்டு நின்றவை ஓடத் தொடங்கின.

கரூருக்குப் பக்கத்தில் வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை. புகளூர்க் கல்வெட்டுகள் என்று நூல்களில் சொல்வது இங்கே உள்ளவற்றைத்தான். அங்கே அவர் படித்த வாசகம் யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவியின் உறைவிடத்தைப் பற்றிச் சொல்கிறது. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ, அவன் இளங்கோ ஆனபோது வெட்டிக்கொடுத்த கல் என்று முடிகிறது. அப்பன், மகன், பேரன் என மூன்று தலைமுறைச் சேரர். சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் பாட்டுடைத் தலைவர்களோடு இந்த வரிசையைப் பொருத்திக் காட்டினார். உ.வே.சா. 1904-இல் பதிற்றுப்பத்தை அச்சில் கொண்டுவந்ததிலிருந்து, அதில் வரும் அரசர்கள் நிஜமானவர்களா, புலவர் கற்பனையா என்ற சண்டை அடங்கவே இல்லை. அந்தச் சண்டையில் ஒரு பாறை வந்து சாட்சி சொல்லிவிட்டது. மாங்குளத்திலும் அதே கதை: ‘நெடுஞ்சழியன்’ என்ற பெயரைப் படித்து, சங்கப் பாண்டியர் பெயர் கல்லில் இருப்பதைக் காட்டினார். இவையெல்லாம் வெளியான ஆண்டு 1965. அப்போது அவருக்கு ஏறத்தாழ உங்கள் வயது. அடுத்த ஆண்டே கல்வெட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்காகத் தமிழ்–பிராமி (தமிழுக்கேற்ப மாற்றிக்கொண்ட பிராமி) கல்வெட்டுகளின் முழுத் தொகுப்பைத் தயாரித்துக் கொடுத்தார்.

இத்தனையும் கைத்தறித் துறை இயக்குநராக இருந்த காலத்தை ஒட்டி நடந்தவை. இதை ‘வேலை ஒரு பக்கம், பொழுதுபோக்கு ஒரு பக்கம்’ என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நெசவாளர் சங்கங்கள் தமிழ்நாட்டில் எந்த மூலையில் இல்லை? கரூர், மதுரை, சேலம், நெல்லை என்று சுற்றுப்பயணம் போவது அந்தப் பதவியின் பிழைப்பே. ஊர் ஊராகப் போகும் ஆளுக்குப் பக்கத்துக் குன்று எட்டாத இடம் இல்லை. இன்னொன்று, பல்கலைக்கழகத்தில் இருந்த ஒருவர் தவறாகப் படித்துவிட்டால் பெயர் கெடும், பதவி உயர்வு நிற்கும். கைத்தறி இயக்குநர் பிராமியைத் தவறாகப் படித்தால் அவர் சம்பளத்தில் யார் கை வைப்பார்கள்? பிழைப்பு வேறெங்கோ பத்திரமாக இருந்ததால்தான் துணிந்து ஊகிக்கவும், ஊகம் தப்பினால் வெளிப்படையாகத் திருத்தவும் அவரால் முடிந்தது. 1966 தொகுப்பில் தாம் படித்ததைப் பல இடங்களில் 2003 நூலில் தாமே மாற்றினார். சட்டம் படித்ததும் கோப்புப் பார்த்ததும் வீணாகவில்லை என்றே நினைக்கிறேன். அவர் எழுத்தில் ‘இதற்குச் சான்று இது, இது என் ஊகம்’ என்ற பிரிவினை எப்போதும் தெளிவாக இருக்கும். வேதியியல் எதற்காவது உதவியதா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை. எல்லாப் படிப்பும் ஒருநாள் கைகொடுக்கும் என்று சொல்வது மனதுக்கு இதமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து வந்ததுதான் விசித்திரம். தமிழ்–பிராமியில் இப்படி ஒரு வெற்றி கிடைத்தவர் அதிலேயே உட்கார்ந்திருக்கலாம். அவர் சிந்துவெளி எழுத்துக்குத் தாவினார். 1970-இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வுநல்கை. துளையிட்ட அட்டைகளைக் கணினிக்குள் செலுத்திய காலம் அது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி உதவியோடு, அதுவரை கிடைத்த சிந்து முத்திரைகளில் உள்ள குறிகளை எல்லாம் எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். 1977-இல் இந்தியத் தொல்லியல் துறை அதை நூலாக வெளியிட்டது. குறிகள் 417. எந்தக் குறி எந்தக் குறிக்கு முன்னும் பின்னும் வருகிறது, எது முதலில் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்று தேட உதவும் சொல்லடைவு அது. பக்கம் பக்கமாகக் குறிகளின் பட்டியல், சுவாரசியமாக வாசிக்க அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் இன்றுவரை சிந்து எழுத்தை யார் தொட்டாலும் அந்தப் பட்டியலைத் தொடாமல் போக முடியாது. 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில், சிந்துக் குறிகள் மொழிக்குரிய ஒழுங்கோடு அமைந்திருக்கின்றனவா என்று கணிதவழியில் ஆராய்ந்த கட்டுரை அந்தத் தரவின் மீதுதான் நின்றது. எழுதியவர்களில் அவரும் ஒருவர், 78 வயதில்.

எழுத்தைப் படித்துவிட்டாரா? இல்லை. சில குறிகளுக்குத் திராவிட மொழி வழியில் விளக்கம் சொன்னார். அவற்றை ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. எழுத்து இன்னும் வாசிக்கப்படாமல்தான் இருக்கிறது. அவருடைய ஆசை அதைப் படிப்பதில் இருந்திருக்கும். நிலைத்து நின்றதோ, படிப்பதற்கு வேண்டிய கருவியைச் செய்து கொடுத்த வேலை. எதிர்பாராத பாதை என்று கேட்டீர்களே, அதற்குள்ளேயும் இப்படி ஒரு கிளைப்பாதை உண்டு. இதை வெற்றிக் கதைகளில் யாரும் சொல்வதில்லை.

1980-இல் விருப்ப ஓய்வு. கவனியுங்கள், வேலையை விட்டது 50 வயதில். அதற்குள் முதல் பெரிய கண்டுபிடிப்பு வெளிவந்து 15 ஆண்டுகள், சிந்து நூல் வெளிவந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகும் நேர்க்கோடாகப் போகவில்லை. 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியர். நாளிதழ் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், மனிதனை முழுசாகத் தின்றுவிடும். அதிலிருந்து வெளியே வந்து, இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் நல்கையோடு 60 வயதைத் தாண்டிய பிறகு மறுபடி குன்று குன்றாக ஏறினார். பழைய மைப்படிகளை (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படிகளை) நம்பிப் படித்ததில் தவறுகள் இருந்தன. பாறையின் இயற்கை வெடிப்பு மைப்படியில் எழுத்துக் கோடு போல விழும், தேய்ந்த கோடு விழாமலே போகும். மாநிலத் தொல்லியல் துறையினரோடு போய்க் கல்லின் முன்னால் நின்று திரும்பப் படித்தார். 2003-இல், 73 வயதில், பழந்தமிழ்க் கல்வெட்டியல் பற்றிய அவருடைய பெருநூலைச் சென்னை க்ரியா பதிப்பகமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்டன. 2009-இல் பத்மஸ்ரீ. 2018 நவம்பரில் காலமானார்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. ‘அவர் ஐ.ஏ.எஸ்., ஜீப் இருக்கும், பியூன் இருப்பார், சாஸ்திரியார் வீட்டுக்கே போய்ப் பேச முடியும். நான் தாலுகா ஆபீஸ் உதவியாளர். என் கதை அப்படியா?’ நியாயமான கேள்வி. மகாதேவனை உதாரணம் காட்டும் பலர் இதை மறைத்துவிடுகிறார்கள். பதவி திறந்துவிட்ட கதவுகள் உண்மை. திருப்பூரில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பவரிடம் போய் ‘ஞாயிற்றுக்கிழமை கல்வெட்டு படி’ என்று சொல்வது அக்கிரமம். இதே பாதையில் இறங்கி ஒன்றும் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதும் நமக்குத் தெரியாது. அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

அதனால் இன்னொருவர். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர், ரோஜா முத்தையா. ஐ.ஏ.எஸ். இல்லை, பட்டமும் இல்லை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னையில் தொழில் செய்தபோது மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தொடங்கிய பழக்கம், ஊர் திரும்பிய பிறகு முழுநேரப் பித்தாக மாறியது. மற்ற சேகரிப்பாளர்கள் இலக்கண நூல், காப்பியம், முதல் பதிப்பு என்று தேடியபோது, அவர் மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்து வாங்கினார்: நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், குஜிலிப் பதிப்புகள் என்ற மலிவுப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகை, சமையல் குறிப்பு, வைத்தியச் சுவடி. ஆராய்ச்சியாளர்கள் கடிதம் எழுதிக் கேட்டால் வேண்டிய தகவலைத் தேடிக் கொடுத்து, அதில் கொஞ்சம் வருமானம் பார்த்தார். 1992-இல் அவர் இறந்தபோது வீட்டில் இருந்தது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, ஆனால் கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை. 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரில் நூலகமானது. இன்று தரமணியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு பற்றி யார் முனைவர் பட்டம் வாங்கினாலும் அந்தப் படியில் ஏறி இறங்கியாக வேண்டும்.

அவருக்குப் பதவி இல்லை, பணமும் பெரிதாக இல்லை. மகாதேவனிடம் இருந்த அதே ஒன்று இருந்தது: எல்லை போட்ட ஒரு வேலை. தமிழில் அச்சான எதையும் விடக்கூடாது. ‘புத்தகம் பிடிக்கும்’ என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். ஆனால் வெற்றி என்று நீங்கள் சொல்வது சம்பளமும் பெயரும் என்றால், அது அவர் உயிரோடு இருந்தபோது வந்து சேரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நூலகத்தில்தான் 2007-இல் சிந்துவெளி ஆய்வு மையம் தொடங்கியது, மகாதேவனின் வழிகாட்டுதலில். அதற்கு முன், 1998 முதல் 2001 வரை, அதே நூலகத்துக்கு இயக்குநராக இருந்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அவர் யார்? இந்திய அஞ்சல் துறையில் 1964-இல் சேர்ந்து, தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிபராக ஓய்வு பெற்றவர். அஞ்சல் துறையில் இருந்துகொண்டே தமிழ்ச் சினிமாவின் தொடக்க கால வரலாற்றை எழுதினார். 1996-இல் வந்த நூலுக்குச் சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருது கிடைத்தது. காட்டுயிர் பற்றித் தமிழில் எழுதியதற்காக அவரை அறிந்தவர்கள் இன்னும் அதிகம். சினிமாவைத் தீண்டத்தகாத பொருளாக வரலாற்றுத் துறை ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், துறைக்கு வெளியே இருந்ததே அவருக்கு வசதியாகப் போனது என்பது என் எண்ணம். ஆக விளம்பரப் பலகை எழுதியவர் சேர்த்த சேமிப்பை, அஞ்சல்காரர் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ள, கைத்தறி இயக்குநராக இருந்தவர் அதன் கூரையின் கீழ் ஆய்வு மையம் நடத்தினார். மூவரில் ஒருவரும் அந்த வேலைக்குப் பல்கலைக்கழகத் துறையிலிருந்து வந்தவர் இல்லை.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, ‘இந்த மனிதர் தங்கச் சுரங்கத்தின் வாசலில் டீ குடித்துக்கொண்டு, சுரங்கம் எங்கே என்று கேட்கிறார்’ என்பதுதான். பழைய நில அளவைகள் மேல் பைத்தியம் என்கிறீர்கள், இருப்பது வருவாய்த் துறையில். ‘அ’ பதிவேடும் செட்டில்மென்ட் பதிவேடும் புல வரைபடமும் உங்கள் அலுவலகத்தில் தூசி படிந்து கிடக்கும். எந்தப் பேராசிரியரும் அவற்றைப் பார்க்க மனு எழுதிக் காத்திருக்க வேண்டும். அதைவிட, பதிவேட்டில் ஒரு பத்தி ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது வெளியாளுக்குப் புரியாது, உங்களுக்குப் புரியும். 1860-களின் இனாம் (வரிச்சலுகையோடு கொடுத்த நிலம்) பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வேலையை விட்டால் நீங்கள் இழப்பது சம்பளத்தை மட்டும் அல்ல.

உங்களிடம் இல்லாதது கணக்கு. ‘நில அளவைகள்’ என்பது ஒரு துறை, அதற்குள் ஒரு கேள்வியைப் பிடிக்க வேண்டும். ஒன்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பது தஞ்சைக் கணக்கு. ஆனால் குழி எவ்வளவு பெரியது என்பது, அளந்த கோல் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. கல்வெட்டுகளில் பன்னிரண்டடிக் கோல், பதினாறு சாண் கோல் என்று பலவகை வருகின்றன. ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு வேலியை 5,242 கோடிக்கும் மேற்பட்ட கூறுகளாகப் பிரித்து அதில் ஒரு கூறுவரை கணக்கிட்டிருக்கிறார்கள். நிலத்தில் அது ஒரு மணல் பருக்கை அளவுதான் வரும், இருந்தாலும் வரிக்கணக்கு விடவில்லை. வருவாய்த் துறைக்காரர் என்ற முறையில் உங்களுக்கு இதில் ஒரு பெருமிதம் வரலாம். இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டவர்கள் கோலின் நீளத்தை ஊர்க் கோயில் சுவரிலோ அடித்தளத்திலோ இரண்டு குறிகளுக்கு நடுவே வெட்டியும் வைத்தார்கள். உங்கள் வட்டத்தில் அப்படி எத்தனை கோல்கள் இருக்கின்றன? ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர்? அந்தக் கோயிலின் கல்வெட்டு சொல்லும் நிலத்தை இன்றைய புல எண்ணோடு (சர்வே எண்) பொருத்த முடிகிறதா? ஒரே ஒரு வட்டம். மாவட்டம் முழுக்க என்று பேராசைப்பட வேண்டாம்.

ஊர்ப் பெயர்களை என்ன செய்வது என்பதற்கு எ. சுப்பராயலுவின் சோழ நாட்டு அரசியல் நிலவியல் நூலைத் தேடிப் படியுங்கள். 1973-இல் வந்தது, ஆங்கிலத்தில் இருக்கும். கல்வெட்டில் வரும் ஊர்ப் பெயர்களை இன்றைய வரைபடத்தில் பொருத்தி, சோழர் கால நாடுகளின் எல்லையை எப்படிக் கண்டார் என்பதைப் படித்தால், பித்து எங்கே முடிந்து ஆய்வுமுறை எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

கோயிலுக்குப் போகும்போது செயல் அலுவலரிடம் முன்பே சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வருவாய்த் துறை அடையாள அட்டையைக் காட்டி அளக்கத் தொடங்கினால், நிலப் பிரச்சினை ஏதோ வந்திருக்கிறது என்று ஊரே கூடிவிடும். எஃகு நாடா எடுத்துக்கொள்ளுங்கள், துணி நாடா இழுத்தால் நீளும். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நாலரைக்கு மேலோ படம் எடுங்கள், சாய்ந்த வெயிலில்தான் தேய்ந்த வெட்டுக் குறி நிழல் காட்டும். உச்சி வெயிலில் சுவர் வெறும் சுவராகத்தான் தெரியும். சுண்ணாம்போ மாவோ பூசிக் குறியைத் தெளிவாக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

பத்துப் பதினைந்து கோல்கள் சேர்ந்ததும் எழுதுங்கள். தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ என்று ஓர் ஆண்டிதழ் தஞ்சாவூரிலிருந்து வருகிறது. பேராசிரியர்களின் கட்டுரைகளோடு பள்ளி ஆசிரியர்களும் ஆர்வலர்களும் கண்டெடுத்த கல்வெட்டுகளும் அதில் இடம்பெறும். பட்டம் கேட்க மாட்டார்கள், அளவும் படமும் இடமும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அனுப்பும் முன் அரசு ஊழியர் நடத்தை விதிகளில் நூல், கட்டுரை வெளியிடுவது பற்றிய பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள். அலுவலகப் பதிவேட்டில் கண்டதை வெளியிட வேண்டுமானால் தாசில்தாரிடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு எப்படிப் போட வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.